எதன் மேல் சதவீதம்?

கேள்வி: தாதரில் ஒரு கடையில் ‘50 + 20 சதவீதத் தள்ளுபடி’ என்று பலகை வைத்திருந்தார்கள். 8,000 ரூபாய்ப் பட்டுப்புடவை 70 சதவீதம் போக 2,400 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று எண்ணினேன், 3,200 வாங்கிவிட்டார்கள். இது ஏமாற்று அல்லவா? (வாசகி, மாட்டுங்கா)

பதில்: அல்ல. முதல் 50 சதவீதம் 8,000 ரூபாயின் மேல் கழிகிறது. அது போக நிற்கும் 4,000 ரூபாயின் மேல்தான் அடுத்த 20 சதவீதம், அதாவது 800 ரூபாய், கழிகிறது. ஆக மொத்தத் தள்ளுபடி 60 சதவீதமே. பில் போடும் முன் கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்?

கேள்வி: மிக்ஸி பெட்டியில் எம்.ஆர்.பி. 2,950 ரூபாய் என்று அச்சிட்டிருக்கிறது. கடைக்காரர் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி என்று 3,481 கேட்கிறார். (வாசகர், முலுண்ட்)

பதில்: கொடுக்காதீர்கள், எல்லா வரியும் எம்.ஆர்.பி.யிலேயே அடக்கம்.

கேள்வி: தாராவியில் தையல் பட்டறை வைத்திருக்கிறேன். இயந்திரம் வாங்க 60,000 ரூபாயை 12 சதவீத வட்டிக்குக் கொடுத்தார்கள்; மாதம் 5,600 வீதம் பன்னிரண்டு தவணை. என் தம்பி மகன் இது 21 சதவீதத்துக்கு மேல் வருகிறது என்கிறான். எப்படி? (வாசகர், தாராவி)

பதில்: பையன் சரியாகவே சொல்கிறான், ஐயா. உங்கள்மீது குற்றமில்லை, இந்தக் கணக்கைப் படித்தவர்களிடமே மறைத்து விற்கிறார்கள். 60,000 ரூபாய்க்கு 12 சதவீதம் 7,200 என்று ஆண்டு முழுவதற்கும் முதலிலேயே போட்டு, அதை அசலோடு கூட்டிப் பன்னிரண்டால் வகுத்திருக்கிறார்கள். ஆனால் 60,000 ரூபாய் உங்கள் கையில் இருந்தது முதல் மாதம் மட்டுமே. ஒவ்வொரு தவணையிலும் அசலில் ஒரு பகுதி குறைந்துகொண்டே வர, திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் சேர்த்து நீங்கள் வட்டி கட்டுகிறீர்கள். குறையும் நிலுவையின் மேல் அதே 12 சதவீதம் கணக்கிட்டால் தவணை சுமார் 5,331 ரூபாயாகவும் மொத்த வட்டி சுமார் 4,000 ரூபாயாகவும்தான் இருக்கும். இப்படி முழு அசலின் மேலேயே கடைசிவரை வட்டி போடும் முறைக்குப் பெயரான ‘ஃபிளாட் ரேட்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருவது இதனால்தான். ‘வட்டியில்லாத் தவணை’ என்று நான் வாங்கிய குளிர்சாதனப் பெட்டியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே: ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியை இழந்தேன், அதற்கு மேல் பிராசஸிங் கட்டணமும் கட்டினேன். 2024 அக்டோபர் முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கடன் கொடுக்குமுன் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தை, அதாவது ஏ.பி.ஆரை, ஒரு விவரத் தாளில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்தத் தாளை உங்களுக்குத் தந்தார்களா என்று பாருங்கள். தரவில்லையென்றால் முதலில் அந்த நிறுவனத்துக்கும், முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கும் எழுதுங்கள்.

கேள்வி: பிஸ்கட்டில் ‘மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இலவசம்’ நல்லதா, ‘25 சதவீதத் தள்ளுபடி’ நல்லதா? (வாசகி, டோம்பிவிலி)

பதில்: மூன்று பங்கின் விலைக்கு நான்கு பங்கு வருகிறது, அதாவது நான்கில் ஒன்று இலவசம்; ஆகவே கிராம் கணக்கில் இரண்டும் ஒன்றே. கூடுதலாக வந்தது என் வீட்டில் நமத்துப்போய்க் குப்பைக்குத்தான் போயிற்று.

கேள்வி: செம்பூரில் 25 சதவீதத் தள்ளுபடி என்ற விளம்பரத்தை நம்பிச் சங்கிலி வாங்கினேன். தங்கம் 1,00,000, செய்கூலி 12 சதவீதம். கடைசியில் 1,12,270 ரூபாய் கட்டினேன். தள்ளுபடி எங்கே போயிற்று? (வாசகி, செம்பூர்)

பதில்: விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘செய்கூலியில் மட்டும்’ என்று இருந்திருக்கும். செய்கூலி 12,000, அதில் 25 சதவீதம் 3,000, நகையின் முழு விலையான 1,12,000 ரூபாயில் அது மூன்று சதவீதம்கூட இல்லை. மிச்சமுள்ள 1,09,000 ரூபாயின் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. 3,270. கடைக்காரர் குறைத்ததைவிட வரிக்குப் போனது 270 ரூபாய் அதிகம்.