பேமிற் காணியில் வீடு திருத்தப் பெயர் மாற்ற வேண்டுமா?

கேள்வி: நான் ரொறன்ரோவில் வசிக்கிறேன், கனடாக் குடியுரிமை எடுத்துப் பல வருடங்கள். எங்கள் வீடு கிளிநொச்சியில், உருத்திரபுரம் பக்கம், அப்பாவின் பெயரில் உள்ள பேமிற் (அரச அனுமதிப் பத்திரக்) காணியில் இருக்கிறது. அப்பா இந்தப் பங்குனியில் காலமாகிவிட்டார். அம்மாவும் தங்கச்சி குடும்பமும் அங்கேயே இருக்கிறார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. உள்ளுக்குள் ஒரு பாத்ரூம், தரைக்கு ரைல்ஸ், நான் வந்து தங்க மேலே ஒரு அறை, இவ்வளவும் செய்ய விருப்பம். தெரிந்த ஒருவர், "காசைப் போடமுதல் காணியை உங்கள் பெயரில் உறுதியாக்குங்கள், 8 இலட்சம் தந்தால் முடித்துத் தருகிறேன்" என்கிறார். மாற்றிவிட்டுக் கட்டுவதா, கட்டிவிட்டு மாற்றுவதா?

பதில்: தம்பி, அந்த 8 இலட்சத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் அப்பாவிடம் இருந்தது உறுதிக் காணி, அதாவது சொந்த உரிமைப் பத்திரம் உள்ள காணி அல்ல. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், குடியிருக்கவும் பயிர் செய்யவும் அரசாங்கம் கொடுத்த காணி. இரணைமடுவின் கீழும், விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கமும் ஏராளமான குடும்பங்கள் இப்படியான காணியில்தான் இருக்கின்றன. வேலி நீங்கள் போட்டது, கிணறு நீங்கள் வெட்டியது, தென்னை நீங்கள் வைத்தது. ஆனாலும் நிலம் அரசாங்கத்தினுடையது. பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அதை விற்க முடியாது, நன்கொடையாக எழுதவும் முடியாது. எழுதினால் அந்த எழுத்துச் செல்லாது. நொத்தாரிசு ஒப்பம் வைத்திருந்தாலும், முத்திரை ஒட்டியிருந்தாலும், இரண்டு பேர் சாட்சி போட்டிருந்தாலும் செல்லாது. 

அப்படியானால் அந்த மனிதர் எதை முடித்துத் தருவார்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியில் வெளிநாட்டுக் காசு அதிகமாகக் கரைவது இந்த இடத்தில்தான். காணிக் கிளையில் வேலை செய்த காலத்தில், இப்படியான காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தரகர் "விற்பனை உடன்படிக்கை" என்று ஒன்றைத் தட்டச்சு செய்து தருவார், வாசித்தால் உறுதி மாதிரியே இருக்கும். இன்னொருவர் அம்மாவிடம் அற்றோணித் தத்துவம் வாங்கி, அதை வைத்துக் காணி கைமாறிவிட்டது என்பார். அம்மாவுக்கே விற்கும் அதிகாரம் இல்லாதபோது, அவருக்காக ஒப்பம் வைப்பவருக்கு அது எங்கிருந்து வரும்? "உள்ளுக்குள் ஆள் இருக்கிறது, அளிப்புப் பத்திரம் எடுத்துத் தாறன்" என்பவர் மிக மோசமானவர். (அளிப்புப் பத்திரம் என்பது பேமிற்றுக்கு அடுத்த படியாக அரசாங்கம் கொடுக்கும் பத்திரம்.) காசை வாங்குவார், பிறகு காணிக் கோவை (பைல்) கொழும்பில் நிற்கிறது, யாழ்ப்பாணத்தில் நிற்கிறது என்று ஒவ்வொரு மாதமும் ஒரு ஊர் சொல்லுவார். அவருடைய சொல்லை நம்பலாமா இல்லையா என்று அறிய ஒரு கேள்வி போதும்: "இந்தக் காசுக்கு அலுவலகப் பற்றுச்சீட்டு தருவீர்களா?" அதோடு பேச்சு மாறிவிடும்.

அதோடு உங்கள் குடியுரிமையும் இருக்கிறது. உறுதிக் காணியாகவே இருந்தாலும் வெளிநாட்டுக் குடிமகன் ஒருவரின் பெயருக்கு விற்றுக் கொடுப்பதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை. எடுக்கிற எண்ணம் இருந்தால் எடுங்கள், நல்லதுதான். ஆனால் அதை எடுத்ததால் பேமிற் காணி உறுதிக் காணியாக மாறிவிடாது. இரண்டையும் குழப்பித்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

சரி, இப்போது காணி யாருக்கு? உங்கள் அம்மாவுக்கு. அப்பா பின்னுரித்தாளராக (தனக்குப் பிறகு காணி சேர வேண்டியவராக) அம்மாவின் பெயரைக் கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும், கணவன் இறந்தால் முதலில் மனைவிக்கே உரிமை. அவர் ஆயுள் முழுவதும் இருந்து அனுபவிக்கலாம், விற்க முடியாது. அவருக்குப் பிறகு, அப்பா பதிவு செய்துவிட்டுப் போன பின்னுரித்தாளருக்குப் போகும். "பதிவு" என்பதைக் கவனியுங்கள். அப்பா உயிரோடு இருக்கும்போதே பதிவாகியிருக்க வேண்டும். வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி ஒப்பம் வைத்தது கணக்கில் வராது. பதிவே இல்லையென்றால் சட்டத்தில் உள்ள உறவுமுறை வரிசைப்படி போகும். முன்பு அந்த வரிசையில் ஆண் பிள்ளைக்கு முதலிடம் இருந்தது, 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. ஆகவே தங்கச்சிக்கு உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதில் ஆறு மாதக் கணக்கு ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் உள்ளவர்கள் அநேகமாக அதில்தான் விழுகிறார்கள். உரித்துக்காரர், காணியை வைத்திருந்தவர் இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் காணிக்குள் வந்து ஆட்சி கொள்ள வேண்டும். வராவிட்டால் அவருடைய உரித்துப் போய்விடும். அம்மா அங்கேயே இருப்பதால் இன்றைக்கு உங்களுக்குப் பயமில்லை. ஆனால் அம்மாவுக்குப் பிறகும் இதே கணக்குத்தான். அப்பா 1980களில் மூத்த மகன் என்று உங்கள் பெயரைப் பதிந்திருந்தால் என்ன நடக்கும்? பிள்ளைகள் வருகிறார்கள், செத்தவீடு, காடாத்து, 31 எல்லாம் முறையாகச் செய்கிறார்கள், அடுத்த கிழமை விமானம் ஏறுகிறார்கள். காணியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, துக்க வீட்டில் அதைக் கேட்க வெட்கம். ஒரு வருடம் கழித்து, வளவில் இருந்து பார்த்தவர்கள் யார் என்று அலுவலகம் விசாரிக்கிறது. அப்போது உங்கள் பெயர் அலுவலகப் பேரேட்டில் (காணிப் பதிவேட்டில்) இருப்பது மட்டும் உதவாது. இருந்து ஆண்டவர் தங்கச்சி என்பதற்கு விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம், வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பட்டியல் எல்லாம் இருக்கும். பிறகு அண்ணன் தங்கச்சிக்குள் வழக்கு. ஆகவே பின்னுரித்தாளர் யார் என்பதை இப்போதே, அம்மா இருக்கும்போதே, பேரேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயர்தான் இருக்கிறது என்றால், கனடாக் குடியுரிமையை மறைக்காமல் காணி உத்தியோகத்தரிடம் சொல்லி, என்ன செய்யலாம் என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.

தங்கச்சியும் அம்மாவும் பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போகட்டும். அப்பாவின் மரணச் சான்றிதழ், அம்மாவின் விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை, பேமிற் இருந்தால் பேமிற், விதானையாரின் கடிதம், இவற்றைக் கொண்டு போக வேண்டும். 2009இல் பேமிற் தொலைந்துபோயிருந்தால் பயப்பட வேண்டாம், அலுவலகப் பேரேட்டில் பதிவு இருக்கும், அதன் உறுதிப்படுத்திய பிரதியைக் கேளுங்கள். கொடுக்கிற ஒவ்வொரு கடிதத்துக்கும் பிரதி எடுத்து, அதில் திகதி முத்திரை போடச் சொல்லி வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அலைய வைப்பார்கள். அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. காணி உத்தியோகத்தர் களத்துக்குப் போய்விட்டார் என்பார்கள், வந்தால் நில அளவையாளர் இல்லை என்பார்கள், அளவை முடிந்தால் வரைபடம் வரவில்லை என்பார்கள். போருக்குப் பிந்திய காணிப் பிரச்சினைகளைத் தீர்க்க 2013இல் வந்த காணிச் சுற்றறிக்கைக்காகச் சனங்கள் வரிசையில் நின்று படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டை இன்றைக்கும் பொலித்தீன் பையில் வைத்துக்கொண்டு பதில் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். குடியேறி இரண்டு தலைமுறை ஆன குடும்பத்துக்கு ஒரு அளிப்புப் பத்திரம் கொடுக்க ஏன் இவ்வளவு காலம் என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை. தரகர்கள் பெருகுவதற்குக் காரணமே இந்தத் தாமதம்தான். அலுவலகம் ஒரு மாதத்தில் செய்ய வேண்டியதைச் செய்தால் 8 இலட்சம் கேட்க ஒருவருக்கும் வாய் வராது.

இனி வீடு. திருத்துவதற்கு உங்கள் பெயர் தேவையில்லை. இருக்கிற வீட்டின் கூரையை மாற்ற, பூச்சுப் பூச, ரைல்ஸ் பதிக்க, அம்மா இருக்கிற வீடு என்பதே போதும். பாத்ரூமை வீட்டோடு சேர்த்துப் புதிதாகக் கட்டுவதென்றால் பிரதேச சபையில் கட்டட அனுமதி எடுங்கள். ஆனால் ஒன்று: நீங்கள் போடுகிற காசு அந்தக் காணியில் உங்களுக்குப் பங்கு தராது. அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் கொடுக்கிறேன் என்று மனம் ஒப்பினால் மட்டும் போடுங்கள்.

மேல் அறையை விடுங்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுத்து, அவரவரே நின்று கட்டிய வீடுகள் அவை. அத்திவாரம் ஒரு தட்டுக்குப் போட்டது. அதன் மேல் கொங்கிறீற்றுத் தட்டு ஏற்றினால் சுவர் வெடிக்கும். ஏற்றலாம் என்று சொல்லுகிற மேசன், ஒரு பொறியியலாளரின் ஒப்பத்தோடு அதை எழுதித் தருவாரா என்று கேளுங்கள். அந்தக் காசில் கூரைக்குக் கீழே சீலிங் அடித்தால், சித்திரை வைகாசி வெயிலில் அம்மா பகலில் உள்ளே படுக்கலாம். நீங்கள் தங்குவதற்குப் பக்கத்தில் தரையோடு ஒரு அறை இறக்கினால் போதும்.

ரைல்ஸ் எடுக்கும்போது பளபளப்பானதைப் பார்க்காதீர்கள், வயதான கால் வழுக்கும். பாத்ரூமுக்குச் சொரசொரப்பானது, சுவரில் பிடிக்க ஒரு கம்பி. ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாகக் கொடுக்காமல், சீமெந்தையும் கம்பியையும் தங்கச்சி கடையில் வாங்கட்டும், மேசனுக்குக் கூலி மட்டும், அதுவும் வேலை முடிந்த அளவுக்கு. கதவு நிலைக்கு முதிரை மலிவாக இருக்கிறது என்று இரவில் கொண்டு வந்து இறக்கினால் வாங்க வேண்டாம். வழி அனுமதிப் பத்திரம் இல்லாத மரம் பிடிபட்டால் பொலிசுக்கு ஓடப்போவது உங்கள் மச்சான்தான். புதுப் பூச்சுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் விடச் சொல்லுங்கள். இந்த ஆடிச் சோளகக் காற்றில் தண்ணீர் விடாமல் விட்டுப்போட்டால் வெடித்துவிடும்.

கூரை வேலை ஐப்பசி மழைக்கு முதல் முடிய வேண்டும், ஆகவே அதை முதலில் தொடங்குங்கள். பாத்ரூமின் மலக்குழியைக் கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளி வெட்டச் சொல்லுங்கள், பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்து அளந்து.