புது வீட்டின் வெளிச்சுவரில் விரிசல், மேடுபள்ளம், திட்டுத்திட்டான பெயிண்ட். ‘இதெல்லாம் சகஜம்’ என்கிறார் பில்டர். நம்பலாமா?

பாதி நம்பலாம். கட்டட மேற்பார்வைதான் என் தொழில். நீங்கள் சொன்ன மூன்றில் பெயிண்ட்டைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் விரிசல்.

பூச்சின் மேல் குறுக்கும் நெடுக்குமாக, நகத்தால் தடவினால்கூடத் தட்டுப்படாத மயிரிழைகள் ஓடுகின்றனவா? சிமெண்ட் தூக்கலாகப் போட்டிருப்பார்கள், அல்லது சரியாகத் தண்ணீர் காட்டியிருக்க மாட்டார்கள். வீட்டுக்கு ஆபத்து இல்லை. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த கணக்குப்படி 0.1 மி.மீ. வரை பொருட்படுத்த வேண்டாம்; 1 மி.மீ. வரை பெயிண்ட் வேலையோடு அடைபட்டுவிடும், 5 மி.மீ.க்கு மேல் போனால் கொத்திப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஆனால் அகலத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். விரிசல் எங்கே கிளம்பி எப்படிப் போகிறது என்று பாருங்கள். பீமுக்கு அடியில் நேர்கோடாகவோ தூணை ஒட்டிச் செங்குத்தாகவோ போனால், கான்கிரீட்டும் செங்கல்லும் சேருமிடத்தில் கம்பி வலை வைக்காமல் பூசியிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் வெயிலில் ஒரே அளவில் விரியாது. வீடு இடிந்துவிடாது, ஆனால் மழைத் தண்ணீர் உள்ளே போகும். இது அப்பட்டமான வேலைக் குறை. ‘சகஜம்’ கணக்கில் சேராது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, செங்கல் இணைப்பு வழியே படிப்படியாக இறங்கி, ஒரு முனை அகன்றும் மறுமுனை ஒடுங்கியும் இருந்தால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். பில்டருக்குச் சம்பந்தமில்லாத ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டுங்கள். அதுவரை விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் யாரும் வாதாட முடியாது.

சுவரைச் சாவிக்கொத்தால் தட்டியும் பாருங்கள். உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் வந்தால் பூச்சு சுவரைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் குறியுங்கள்.

மேடுபள்ளம் பற்றி: சுவரை ஒட்டினாற்போல் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எந்தச் சுவரும் அலை அலையாகத்தான் தெரியும். அந்த நேரத்திலோ, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தோ பார்த்துவிட்டுச் சண்டை போடாதீர்கள். நாலு எட்டு தள்ளி நின்று, சாதாரண வெளிச்சத்திலும் கண்ணை உறுத்தினால் கேளுங்கள்.

பெரும்பாலோர் பார்க்காமல் விடுவது சன்ஷேட்டின் அடிப்பக்கம். விளிம்பை ஒட்டி ஒரு சின்னக் காடி, அதாவது பள்ளக் கோடு, ஓட வேண்டும். மாடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைச் சன்ஷேட் மேல் ஊற்றிவிட்டுக் கீழே நின்று பாருங்கள். காடி இருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இல்லாவிட்டால் அடிப்பக்கமாகவே ஊர்ந்து வந்து சுவரில் இறங்கும். நாளைக்கு ஜன்னலுக்கு மேல் ஓதம் அடிப்பதும் பெயிண்ட் உரிவதும் பெரும்பாலும் இதனால்தான். ஜன்னல் கட்டையின் மேல்பக்கம் வெளியே சரிய வேண்டும், கைப்பிடிச் சுவரின் தலை மாடிப் பக்கம் சரிய வேண்டும், வீட்டைச் சுற்றியுள்ள தரை சுவரை விட்டு விலகிச் சரிய வேண்டும். எனக்கு இந்தச் சரிவுகள் சரியாக இருந்தால் போதும், பெயிண்ட் திட்டை மன்னித்துவிடுவேன்.

எல்லாவற்றையும் போட்டோவோடு பட்டியலாக்கி, கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் பில்டரிடம் கொடுங்கள். ‘சரிசெய்து தருகிறோம்’ என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். பூச்சை வெட்டியெடுத்து, வலை அடித்து, மறுபடி பூசுவதாக வேலைமுறையையே எழுதி வாங்குங்கள். மேலோட்டமாகப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் அடுத்த மழை வரை வித்தியாசம் தெரியாது. அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.