ஏரேட்டர் நின்றால் கொட்டகையில் மணி அடிக்க வேண்டும்: இறால் குட்டைக்கு லோரா சென்சார்

கேள்வி: கடலூர் மாவட்டம் கிள்ளை பக்கம் எங்களுக்கு ஆறு இறால் குட்டைகள் இருக்கின்றன. வாட்ச்மேன் கொட்டகையிலிருந்து கடைசிக் குட்டை 600 மீட்டர் தூரம். ராத்திரியில் ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் துடுப்பு மோட்டார்) நின்றால் உடனே தெரிய வேண்டும். தண்ணீரின் வெப்பநிலை, மட்டம் இரண்டையும் பார்க்க முடிந்தால் நல்லது. வைஃபை உள்ள ஈஎஸ்பி32 போர்டை வைத்துப் பார்த்தேன். பேட்டரி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை, சிக்னலும் இரண்டாவது குட்டையைத் தாண்டவில்லை. லோரா (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் சிறு செய்தி அனுப்பும் ரேடியோ) போர்டுக்கு மாறலாமா? 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் என்று மூன்று வகை விற்கிறார்கள், எதை வாங்குவது? தூரத்துக்கு மெஷ் (ஒரு போர்டின் செய்தியை அடுத்த போர்டு வாங்கிக் கடத்தும் முறை) போட வேண்டுமா? ஆக்சிஜன் சென்சாரும் சேர்க்கலாமா?

பதில்: லோராவுக்கு மாறுங்கள், உங்கள் பண்ணைக்கு அதுதான் சரி. மெஷ் வேண்டாம். ஆக்சிஜன் சென்சாரை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அலைவரிசை. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை 2005 முதல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். டிரான்ஸ்மிட்டர் 1 வாட்டையும் ஆன்டெனாவோடு சேர்ந்து 4 வாட்டையும் தாண்டக் கூடாது, சேனல் அகலம் 200 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். 2021இல் இந்த எல்லையை 868 வரை நீட்டினார்கள். ஆகவே '868' என்று விற்கும் போர்டையே வாங்குங்கள், 865லும் அது நன்றாக வேலை செய்யும். ஆனால் வாங்கியபடியே ஓட்டிவிடாதீர்கள். மாதிரி நிரல்களில் பெரும்பாலும் 868.1 அல்லது 915 என்றுதான் எழுதியிருக்கும். அதை 866.5 என்று மாற்றிவிடுங்கள். 433 இங்கே கட்டடத்துக்குள் 10 மில்லிவாட்டில் பயன்படுத்தத்தான் அனுமதி, திறந்தவெளிக் குட்டைக்கு ஆகாது. 915 அமெரிக்காவுக்கான வகை. அதன் பட்டை 902இல் தொடங்குகிறது. நம் நாட்டில் 890 முதல் 915 வரை கைபேசிகள் கோபுரத்தோடு பேசும் இடம், அதில் நாம் கை வைக்கக் கூடாது.

இனி பேட்டரி. உங்கள் கேள்வியின் உயிர்நாடி இதுதான். செய்தி அனுப்புவதால் பேட்டரி தீர்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அனுப்பாமல் சும்மா இருக்கும் நேரத்தில்தான் அது காலியாகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எஸ்எக்ஸ்1276 சிப் உள்ள லோரா மாட்யூல் (கடையில் ஆர்எஃப்எம்95 என்று கேளுங்கள்) 50 மில்லிவாட் திறனில் அனுப்பும்போது சுமார் 90 மில்லி ஆம்பியர் இழுக்கும். பார்த்தால் பெரிய அளவுதான். ஆனால் 12 பைட் செய்தி ஒன்றை எஸ்எஃப்7 வேகத்தில் (எஸ்எஃப் என்பது லோராவின் வேக நிலை; எண் ஏற ஏற வேகம் குறையும், எட்டும் தூரம் கூடும்) அனுப்ப 41 மில்லி விநாடி போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, வெப்பநிலையை அளந்து, அனுப்பிவிட்டுத் தூங்கினால் ஒரு நாளைக்குச் செலவு ஏறக்குறைய 0.3 மில்லி ஆம்பியர் மணி. தூங்கும்போது போர்டு முழுவதும் 10 மைக்ரோ ஆம்பியர் இழுத்தால் இன்னொரு 0.24. 1500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று வருடக்கணக்கில் போகும்.

அதே போர்டில் வோல்டேஜைச் சீராக்கும் ஏஎம்எஸ்1117 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் இருந்தால்? அது மட்டுமே எந்த நேரமும் 5 மில்லி ஆம்பியர் தின்னும். ஒரு நாளைக்கு 120. அதே பேட்டரி பன்னிரண்டு நாளில் காலி. பவர் எல்இடி எரிந்துகொண்டே இருந்தால் அதற்கும் ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் தனி. உங்கள் ஈஎஸ்பி32இல் வைஃபை ஓயாமல் ஓடியிருக்கும், அது ஒரு நாள் தாங்காததில் ஆச்சரியம் இல்லை.

அதனால் 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ புரோ மினி போர்டு வாங்கி, அதிலுள்ள பவர் எல்இடியையும் ரெகுலேட்டரையும் சால்டரிங் அயனால் எடுத்துவிடுங்கள். எல்இடியை எடுக்கப் பயமாக இருந்தால் அதற்குப் போகும் தடத்தைப் பிளேடால் கீறினாலும் போதும். பேட்டரிக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (LiFePO4) செல் ஒன்று, சாதாரண லித்தியம்-அயான் அல்ல. 3.2 வோல்ட்டிலேயே அது பெரும்பகுதி நேரம் நிற்பதால் ரெகுலேட்டர் இல்லாமல் நேரடியாகக் கொடுக்கலாம். இரண்டு பென்சில் பேட்டரி போடலாமே என்று தோன்றும். கொஞ்ச நாளில் அது 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும், டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாருக்கு 3 வோல்ட்டாவது வேண்டும். சோலார் பேனல் தேவையே இல்லை. உப்புப் படிவதையும் கொக்கு எச்சத்தையும் வாரா வாரம் துடைக்கிற வேலைதான் மிஞ்சும்.

வேலை முடிந்ததும் மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியரில் வைத்து, பேட்டரியோடு தொடராக இணைத்து, தூங்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். 20க்கு மேல் காட்டினால் ஏதோ ஒன்று விழித்திருக்கிறது. பெரும்பாலும் லோரா மாட்யூலைத் தூங்க வைக்கும் கட்டளை விடுபட்டிருக்கும். இந்த அளவு சரியாகும்வரை பெட்டியை மூடாதீர்கள்.

தூரத்துக்கு வருவோம். 600 மீட்டர் லோராவுக்கு ஒரு தூரமே இல்லை. தடையில்லாத வெளியில் அங்கே சிக்னல் மைனஸ் 70 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு; மைனஸ் எண் பெரிதானால் சிக்னல் பலவீனம்) அளவில் வந்து சேரும், எஸ்எஃப்7இல் மைனஸ் 123 வரை பிடிக்க முடியும். இவ்வளவு இடைவெளி இருக்கும்போது எஸ்எஃப்12க்கு ஏற்ற வேண்டியதில்லை. அங்கே போனால் அதே செய்திக்கு 41 மில்லி விநாடிக்குப் பதில் 1.15 விநாடி ஆகும், பல வருடக் கணக்கு ஒரு வருடத்துக்குள் வந்துவிடும். மெஷ்ஷிலும் இதே சிக்கல்தான். அடுத்தவன் செய்தியை வாங்கிக் கடத்த வேண்டிய போர்டு தூங்க முடியாது. கேட்டுக்கொண்டிருப்பதற்கு மட்டும் 11 மில்லி ஆம்பியர், நாளைக்கு 260க்கு மேல்.

சிக்னல் குறைந்தால் வேகத்தைக் குறைக்காமல் ஆன்டெனாவை உயர்த்துங்கள். இரு முனையும் கண்ணுக்குத் தெரிந்தால் போதாது, நடுவழியில் அலைக்குக் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும். 600 மீட்டருக்கு நடுவில், இரண்டு ஆன்டெனாவையும் இணைக்கும் கோட்டுக்குக் கீழே 4 மீட்டர் அளவுக்குத் தடையில்லாமல் இருந்தால் நல்லது. கொட்டகையில் ஆறரை மீட்டர் சவுக்குக் கட்டை, குட்டைக் கரையில் இரண்டரை மீட்டர் பிவிசி குழாய், அவ்வளவுதான். ஆன்டெனாவை ஜிஐ பைப்பை ஒட்டிக் கட்டாதீர்கள். இடையில் சவுக்குத் தோப்பு இருந்தால் மழை நாளில் நனைந்த இலை சிக்னலைக் குடிக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். ஆன்டெனா மாட்டாமல் ஒருபோதும் டிரான்ஸ்மிட் செய்ய வேண்டாம், சிப் போய்விடும்.

இப்போது ஏரேட்டர். வன்னாமி இறாலுக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆக்சிஜன் குறையாமல் இருக்க வேண்டும். இரவில் பாசியும் சேர்ந்து மூச்சு விடுவதால் விடியலுக்குச் சற்று முன்புதான் அது அடிமட்டத்துக்குப் போகும். அந்த நேரத்தில் ஏரேட்டர் நின்றால் உங்களுக்குக் கிடைப்பது நிமிடக் கணக்குதான். ஆகவே ஏரேட்டரைப் பார்க்கும் நோடை (சென்சார், போர்டு, லோரா மூன்றும் உள்ள பெட்டிக்கு நோடு என்று பெயர்) மற்றவற்றிலிருந்து தனியாக யோசியுங்கள்.

கரன்ட் இருக்கிறதா என்று வோல்டேஜ் ரிலே வைத்துப் பார்ப்பது போதாது. மூன்று பேஸில் ஒன்று போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் அந்தக் கம்பியில் தானே வோல்டேஜ் உண்டாக்கும், ரிலே ஏமாந்துவிடும், மோட்டார் சூடேறிக் கருகும். ஓடும் கரன்ட்டை அளந்தால் இது தப்பாது. வயரை வெட்டாமல் கவ்விக்கொள்ளும் கிளாம்ப் வகை கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் மூன்றை வாங்கி, ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒவ்வொரு பேஸ் கம்பிக்கும் ஒன்றாகப் போடுங்கள். முழு கேபிளையும் சேர்த்துக் கவ்வினால் மூன்று பேஸும் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யம்தான் காட்டும். பற்சக்கரமோ பெல்ட்டோ அறுந்து துடுப்பு சுற்றாமல் மோட்டார் மட்டும் ஓடினாலும் கரன்ட் இறங்குவதைப் பார்த்துப் பிடித்துவிடலாம். 415 வோல்ட் பெட்டி அது. மெயினை இறக்கிவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்தே மாட்டுங்கள்.

இந்த நோடு 8 விநாடிக்கு ஒருமுறை விழித்து, ஒவ்வொரு பேஸையும் 40 மில்லி விநாடி (50 ஹெர்ட்ஸில் இரண்டு சுற்று) அளந்துவிட்டுத் தூங்கட்டும். தொடர்ந்து இரண்டு முறை குறைந்தால் உடனே அலாரம். இப்படிச் செய்தாலும் அதே செல் ஒன்றரை வருடத்துக்கு மேல் வரும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஊரே கரன்ட் போகும்போது ஆறு ஏரேட்டரும் ஒரே நொடியில் நிற்கும், ஆறு நோடும் ஒரே நேரத்தில் கத்தும், செய்திகள் மோதி எதுவுமே கேட்காமல் போகலாம். மேஜையில் ஒவ்வொன்றாகச் சோதிக்கும்போது இந்தக் கோளாறு வெளியே வராது, தேவைப்படும் ராத்திரியில்தான் வரும். ஒவ்வொரு நோடும் 0 முதல் 3 விநாடிக்குள் ஏதோ ஒரு இடைவெளி விட்டு அனுப்ப வேண்டும், கொட்டகையிலிருந்து 'கிடைத்தது' என்று பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும்.

கொட்டகையில் கேட்கும் பக்கத்துக்கு உங்களிடம் இருக்கும் ஈஎஸ்பி32ஐயே ஒரு லோரா மாட்யூலோடு இணைத்துக்கொள்ளுங்கள். அது எப்போதும் விழித்திருக்க வேண்டியதுதான், அதனால் மெயின் கரன்ட்டும் பின்னால் ஒரு 12 வோல்ட் யுபிஎஸ் பேட்டரியும் கொடுங்கள். போனுக்கு வரும் செய்தியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அதே 12 வோல்ட்டில் ஒரு ஹூட்டரை நேரடியாக இணைத்து, இன்டர்நெட் இல்லாமலே வாட்ச்மேனை எழுப்பும்படி செய்யுங்கள். 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் கரன்ட் வர எத்தனை நாள் ஆனது என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். கோபுரம் படுத்தாலும் ஹூட்டர் அடிக்கும்.

அப்புறம், மௌனத்தையும் அலாரமாகக் கருதுங்கள். எல்லா நோடும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். மூன்று முறை சொல்லாவிட்டால் ஹூட்டர் விட்டுவிட்டு அடிக்கட்டும். அந்தச் செய்தியிலேயே பேட்டரி வோல்டேஜையும் வரிசை எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

வெப்பநிலைக்கு ஒரு குட்டைக்கு இரண்டு டிஎஸ்18பி20 போடுங்கள், ஒன்று மேலே, ஒன்று அடியில். இரண்டையும் ஒரே கம்பியில் கோக்கலாம். ஐப்பசி மழையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் தனியாக மிதக்கும்போது இரண்டு அளவும் விலகுவதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஸ்டீல் முனை உள்ள ரெடிமேட் சென்சாருக்குள் உப்புத் தண்ணீர் மெல்ல நுழையும், அதனால் எபாக்சி ஊற்றிய பிவிசி குழாயில் அடைத்து இறக்குங்கள். மட்டத்துக்குக் காந்தமும் ரீட் சுவிட்சும் (காந்தம் அருகில் வந்தால் இணையும் சுவிட்ச்) உள்ள மிதவை போதும். கரை உடைந்தாலோ மதகு கசிந்தாலோ அது சொல்லிவிடும்.

பெட்டிக்கு ஐபி67 தரம் (தூசியும் தண்ணீரும் புகாத வகை) பாருங்கள். வயர் அடிப்பக்கமாக நுழையட்டும், நுழையும் முன் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். போர்டுக்கு கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் படாமல் காக்கும் மெல்லிய பூச்சு) அடியுங்கள். அடைக்க சிலிக்கான் வாங்கும்போது நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். வினிகர் வாடை வரும் வகை உலரும்போது விடும் அமிலம் செம்பை அரிக்கும், பெட்டியை மூடி அடைத்த நீங்களே உள்ளே துருவை வைத்துவிட்டதாக ஆகும்.

ஆக்சிஜன் சென்சாரை ஏன் தள்ளச் சொன்னேன் என்றால், குட்டைத் தண்ணீரில் அதன் முனையில் சில நாளில் பாசி படிந்துவிடும், துடைக்காவிட்டால் தப்பான அளவு காட்டும். தப்பான அளவை நம்பி ஏரேட்டரைக் குறைப்பதைவிட அளவே இல்லாமல் இருப்பது மேல். கையில் பிடிக்கும் மீட்டரை வைத்து விடியலுக்கு முன் அளக்கும் பழக்கம் தொடரட்டும்.

ஆறு குட்டைக்கும் ஒரே நாளில் போட வேண்டாம். மிக அருகில் உள்ளதற்கும் 600 மீட்டரில் உள்ளதற்கும் மட்டும் முதலில் போட்டு, இரண்டு வாரம் ஓட விடுங்கள். வரிசை எண்ணில் எங்கே ஓட்டை விழுகிறது என்று பாருங்கள். சிக்னல் மைனஸ் 105க்குக் கீழே இறங்கினால் ஆன்டெனாவை உயர்த்துங்கள். இடையில் ஒரு ராத்திரி ஜெனரேட்டரைத் தயாராக வைத்துக்கொண்டு, வாட்ச்மேனிடம் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு ஏரேட்டரின் மெயினை இறக்கிப் பாருங்கள். அவர் எழுந்து வந்தால் மற்ற நான்கு குட்டைக்கும் போர்டு ஆர்டர் செய்யலாம்.