புதுக் காரில் இரண்டு நிறமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெள்ளி நிறக் கார் எடுத்துப் பத்து நாள் ஆகிறது. முன்பக்க பம்பர் பானெட்டை விடக் கொஞ்சம் கறுத்துத் தெரிகிறது. காலையில் ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி. "எல்லா வண்டியும் இப்படித்தான் சார்" என்கிறார்கள் ஷோரூமில். நம்பலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பம்பர் விஷயத்தில் பெரும்பாலும் நம்பலாம். இரும்பு பாடிக்கு அடிக்கும் பெயிண்டைச் சுமார் 140 டிகிரி சூட்டில் காய வைக்கிறார்கள். பம்பர் பிளாஸ்டிக். அந்தச் சூட்டைத் தாங்காமல் வளைந்துவிடும் என்பதால் தனியாக அடித்து, 80 டிகிரி அளவில் காய வைப்பார்கள். மெட்டாலிக் பெயிண்டில் மிதக்கும் அலுமினியத் துகள்கள் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாகப் படியும். நேரே பார்த்தால் ஒரு ஷேடு, சாய்த்துப் பார்த்தால் இன்னொரு ஷேடு.

அதற்காக அவர்கள் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். பகல் 11 மணிக்கு உங்கள் வண்டியை அங்கே கொண்டுபோய், அதே மாடல், அதே நிற வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டிலும் அதே வித்தியாசம் இருந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் வண்டியில் மட்டும் என்றால் பம்பரை மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவின் ஓய்வூதியப் பணத்தில் 9 லட்சத்துக்குச் சாம்பல் நிறக் கார் வாங்கினோம். வலப்பக்கப் பின்கதவு மட்டும் வேறு ஷேடு. கதவு ரப்பர் பீடிங்கில் பெயிண்ட் தூவல் ஒட்டியிருக்கிறது. கேட்டால், "உங்கள் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறது" என்கிறார்கள்.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் கண்ணில் கோளாறு இல்லை அம்மா. பம்பருக்குச் சொன்ன சமாதானம் இரும்புக் கதவுக்குப் பொருந்தாது. கதவும் பாடியும் ஒரே வரிசையில், ஒரே பெயிண்டில் நனைந்து வருபவை. தொழிற்சாலையில் பீடிங்கை மாட்டுவதே பெயிண்ட் வேலை முடிந்த பிறகுதான். அதில் தூவல் இருந்தால், பீடிங் மாட்டிய பிறகு யாரோ அந்தக் கதவுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். லாரியில் வரும்போதோ ஸ்டாக் யார்டிலோ அடிபட்ட வண்டியை டிங்கரிங் பார்த்துப் புதியது என்று விற்றிருக்கக் கூடும். அப்படியானால் அது ஏமாற்று.

முதலில் பெயிண்டின் கனத்தை அளக்கும் கருவி வைத்திருப்பவரிடம் போங்கள். பழைய கார் சோதித்துத் தருபவர்களிடம் இருக்கும். தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். பட்டி (நசுங்கிய பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்த இடம் 300-ஐத் தாண்டும். எல்லாப் பேனலையும் அளந்து, எண் தெரியும்படி படம் எடுங்கள். கதவுக் கீல் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் அதையும் எடுங்கள். பிறகு டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் மின்னஞ்சல், ஸ்பீடு போஸ்ட் இரண்டிலும் புகார் அனுப்பி, டெலிவரிக்கு முந்தைய சோதனை அறிக்கையின் நகலைக் கேளுங்கள். "இலவசமாக மறுபடி அடித்துத் தருகிறோம்" என்று வண்டியைக் கேட்பார்கள். ஆதாரம் கைக்கு வரும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். பாலிஷ்கூடப் போட விடாதீர்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2 ஆண்டு அவகாசம் உண்டு. 9 லட்ச ரூபாய் வண்டிக்குக் கட்டணம் 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. அப்பாவின் பணம் அது, விடாதீர்கள்.

கேள்வி: முகூர்த்த நாள் என்று இரவு 8 மணிக்கு டெலிவரி எடுத்தேன். எட்டு மாதம் கழித்து இப்போதுதான் ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) நிறம் வேறாக இருப்பதைக் கவனித்தேன். டீலர் மறுக்கிறார்.
– வாசகர், மதுரை

பதில்: மறுக்கத்தான் செய்வார். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. இடையில் நீங்களே எங்காவது இடித்து அடித்திருக்கலாம் என்பார். கனத்தை அளந்து புகார் எழுதுங்கள், ஆனால் வழி கடினம்.

இந்த மாலை டெலிவரியைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. ரிப்பன், மாலை, கேக், குடும்பத்தோடு படம். ஒருவர்கூட வண்டியைச் சுற்றி வருவதில்லை. ஷோரூம் விளக்கு எந்த ஷேடையும் மறைத்துவிடும். 2014-ல் நானும் ராகுகாலத்துக்கு முன் எடுக்க வேண்டும் என்று அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் வாசலில் வெயில் விழுந்தபோது இடப்பக்க முன்கதவு மட்டும் பச்சை கலந்த சாம்பலாக இருந்தது. டீலர் கொடுத்த மிதியடிகளை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் இன்றும் வலிக்கிறது.

ஆகவே கேளுங்கள். பதிவுக்கும் இன்ஷூரன்சுக்கும் முன்பே ஸ்டாக் யார்டுக்குப் போங்கள். அவர்கள் காட்டும் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியைக் கழுவச் சொல்லி, வெயிலில் நிறுத்தி, பத்தடி தள்ளி நின்று மூலைக்கு மூலை பாருங்கள். உங்கள் பெயரில் ஆர்சி ஏறிவிட்டால் வேறு வண்டி கேட்பது பெரும்பாடு. முகூர்த்தத்தைச் சாவி வாங்க வைத்துக்கொள்ளுங்கள். வண்டி பார்க்கப் பகல் வேண்டும்.

கேள்வி: கலர் கோடு (வண்டி நிறத்தின் குறியீட்டு எண்) சொன்னால் ஃபெண்டரை மட்டும் அப்படியே அடித்துத் தருவதாக ஒரு பட்டறைக்காரர் சொல்கிறார். அடிக்கலாமா?
– வாசகர், கரூர்

பதில்: மெட்டாலிக் என்றால் ஃபெண்டரை மட்டும் அடிக்க வேண்டாம். ஒரே கலர் கோடிலும் சிறு சிறு ஷேடு வேறுபாடு உண்டு. முதலில் தகட்டில் அடித்து வண்டியோடு ஒட்டிப் பார்த்து, பக்கத்துக் கதவு வரை நிறத்தைக் கரைத்து அடிப்பவரிடம் கொடுங்கள்.

கேள்வி: இந்தத் தொல்லையே வராத நிறம் எது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சாதா வெள்ளையில் தொல்லை குறைவு. முத்துப்போல் மினுங்கும் வெள்ளை அல்ல.