20 வெற்றி, 134 தோல்வி: ஸ்பைடர்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழின் விளையாட்டுத் துணுக்குகளில், ‘1899இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் பேஸ்பால் அணி 154 ஆட்டங்களில் 134ஐத் தோற்று, முதலிடத்துக்கு 84 ஆட்டம் பின்தங்கி நின்றது, இன்றைய கிளீவ்லாந்து கார்டியன்ஸின் முன்னோர் இவர்களே’ என்று எழுதியிருந்தோம். இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

கேள்வி: சம்பளம் வாங்கி ஆடுகிற அணி இப்படித் தோற்குமா? சூதாட்டக்காரர்கள் விலைக்கு வாங்கிவிட்டார்களா? (சேலம் வாசகர்)

சூதாட்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. சீசன் தொடங்கும் முன்பே முதலாளிகள் அணியைக் காலி செய்துவிட்டார்கள்.

ஃபிராங்க் ராபிசன், ஸ்டான்லி ராபிசன் என்ற சகோதரர்கள்தான் ஸ்பைடர்ஸின் உரிமையாளர்கள். ஃபிராங்க் ராபிசனின் தொழில் டிராம் வண்டி. கிளீவ்லாந்தில் அவருடைய டிராம் தடங்கள் சந்திக்கும் இடமாகப் பார்த்துத்தான் 1891இல் லீக் பார்க் மைதானத்தைக் கட்டினார். ஆட்டம் பார்க்க வருகிறவர் டிக்கெட்டுக்கும் காசு கொடுப்பார், வண்டிக்கும் கொடுப்பார் என்ற கணக்கு. ஆனால் கூட்டம் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அந்த ஊரில் தடை வேறு. 1897இல் துணிந்து ஒரு ஞாயிறு ஆடிப் பார்த்தபோது ஆட்டக்காரர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. வாரம் ஆறு நாள் வேலைக்குப் போகிற தொழிலாளிக்கு ஏழாம் நாளும் ஆட்டம் இல்லை என்றால் யார் வருவார்கள்?

அதே சமயம் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணி திவாலாகிவிட்டது. 1898இல் அதன் மைதானம் தீப்பிடித்தது. அந்த ஆண்டு 39 வெற்றி, 111 தோல்வியோடு கடைசி இடம். 1899 தொடக்கத்தில் அது ஏலத்துக்கு வர, ராபிசன் சகோதரர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே லீகில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு அணி. அன்றைய நேஷனல் லீகில் (அமெரிக்காவின் உயர்மட்ட, அதாவது ‘பெரிய லீக்’ போட்டித் தொடர்) அதைத் தடுக்க விதி இல்லை.

செயின்ட் லூயிஸ் பெரிய நகரம், ஞாயிறு ஆட்டத்துக்கும் அங்கே இடம் உண்டு. எனவே கிளீவ்லாந்தின் நல்ல ஆட்டக்காரர்களை அப்படியே அங்கே மாற்றினார்கள்: பிட்சர் (பந்து எறிபவர்) சை யங், மட்டையாளர் ஜெஸ்ஸி பர்க்கெட், பாபி வாலஸ், கியூபிட் சைல்ட்ஸ், மேனேஜர் பேட்ஸி டெபோ. முதல் மூவரும் பிற்பாடு பேஸ்பால் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றவர்கள். பதிலுக்கு கிளீவ்லாந்துக்கு வந்தவர்களில் பலர், முந்தைய ஆண்டு 111 ஆட்டம் தோற்ற அதே செயின்ட் லூயிஸ்காரர்கள். 1898இல் 81 வெற்றி, 68 தோல்வி என்று ஐந்தாம் இடத்தில் இருந்த ஸ்பைடர்ஸின் கதை அந்தக் குளிர்காலத்திலேயே முடிந்துவிட்டது. ஏப்ரல் 15 அன்று முதல் ஆட்டம், செயின்ட் லூயிஸில். எதிரணிக்குப் பந்து எறிந்தவர் சை யங். 10–1 என்று தோற்றார்கள்.

இந்த மாற்றத்தால் செயின்ட் லூயிஸ் கோப்பை வென்றதா என்றால் அதுவும் இல்லை. 84–67 (84 வெற்றி, 67 தோல்வி), ஐந்தாம் இடம். ஒரு நல்ல அணியை ஐந்தாம் இடத்திலிருந்து எடுத்து வேறு ஊரின் ஐந்தாம் இடத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: ‘84 ஆட்டம் பின்தங்கியது’ என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? முதலிடத்து அணியின் 101 வெற்றியிலிருந்து 20ஐக் கழித்தால் 81தானே வருகிறது? (தஞ்சாவூர் வாசகர்)

வெற்றியை மட்டும் கழித்தால் போதாது. இரண்டு வித்தியாசங்களைக் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். முதலிடம் பிடித்த புரூக்ளின் 101 வெற்றி, 47 தோல்வி. ஸ்பைடர்ஸ் 20, 134. வெற்றி வித்தியாசம் 81, தோல்வி வித்தியாசம் 87. கூட்டினால் 168, பாதி 84. முன்னால் இருப்பவர் ஒன்று தோற்று, பின்னால் இருப்பவர் ஒன்று வென்றால் இடைவெளி ‘ஒரு ஆட்டம்’ குறையும். பாதியாக்குவது அதனால்தான். மழையால் எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆடாத காலத்தில் இது மிகவும் வசதி.

இதே முறையில், 54–98 என்று முடித்த பதினோராம் இடத்து வாஷிங்டனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்: (34 + 36) ÷ 2 = 35. கடைசிக்கு முந்தைய அணியே 35 ஆட்டம் முன்னால் இருந்தது என்பதுதான் 84ஐவிட உறைக்கிற எண்.

கேள்வி: சொந்த ஊரில் 42 ஆட்டம், வெளியூரில் 112 என்று ஒரு புத்தகத்தில் பார்த்தேன். அச்சுப்பிழையா? (மதுரை வாசகர்)

பிழை இல்லை. லீக் பார்க்கில் நடந்த 42 ஆட்டங்களுக்கும் சேர்த்து வந்தவர்கள் 6,088 பேர். ஆட்டத்துக்குச் சராசரி 145. வந்தாடும் அணிக்கு டிக்கெட் வசூலில் பங்கு உண்டு. டிக்கெட் 50 சென்ட், அதில் பாதி விருந்தினருக்கு என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வசூல் 72 டாலர் 50 சென்ட், பங்கு 36 டாலர் 25 சென்ட். ஒரு டஜன் ஆட்டக்காரர்களுக்கு ரயில் கட்டணமும் ஹோட்டல் செலவும் அதில் அடங்காது. மற்ற அணிகள் ‘நாங்கள் வரமாட்டோம், நீங்கள் வாருங்கள்’ என்றன. முதலாளிகளுக்கும் அதில் வருத்தமில்லை. வெளியூரில் கூட்டம் இருந்தது, அங்கே கிடைக்கும் பங்கு கிளீவ்லாந்தின் முழு வசூலைவிட மேல்.

ஜூலை தொடக்கத்தில் 12 வெற்றி, 49 தோல்வி. மீதி 93 ஆட்டங்களில் 85ஐ வெளியூரில் ஆடினார்கள். ‘நாடோடிகள்’, ‘அனாதைகள்’ என்கிற மாதிரியெல்லாம் பத்திரிகைகள் பெயர் வைத்தன.

இந்த அலைச்சல்தான் அணியைக் கெடுத்தது என்று பல கட்டுரைகள் சொல்கின்றன. எங்களுக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கணக்கைப் பாருங்கள். சொந்த ஊரில் 9–33, அதாவது வெற்றி விகிதம் .214 (ஆயிரத்துக்கு 214). வெளியூரில் 11–101, அதாவது .098. முறைப்படி 77, 77 என்று ஆடியிருந்தால் இதே விகிதத்தில் சொந்த ஊரில் 16 அல்லது 17, வெளியூரில் 7 அல்லது 8, ஆகமொத்தம் சுமார் 24 வெற்றி. ரயில் பயணம் பறித்தது நாலு ஆட்டம். மிச்சத்தைப் பறித்தது ஆள் மாற்றம்.

கேள்வி: பந்து எறிவதில் கோளாறா, மட்டை பிடிப்பதிலா? (கோவை வாசகர்)

இரண்டும், ஆனால் சம அளவில் அல்ல. 154 ஆட்டத்தில் எடுத்த ஓட்டம் 529, கொடுத்தது 1,252. ஆட்டத்துக்கு 3.4 எடுத்து 8.1 கொடுத்திருக்கிறார்கள். அணியின் மட்டைச் சராசரி (மட்டை பிடித்த வாய்ப்புகளில் வெற்றிகரமாக அடித்த பங்கு) .253, தோற்றத்தில் கேவலமில்லை, ஆனால் அந்த ஆண்டு லீகிலேயே அதுதான் கடைசி.

பேஸ்பாலில் ஒரு பயனுள்ள சூத்திரம் உண்டு. எடுத்த ஓட்டத்தின் வர்க்கத்தை, எடுத்ததின் வர்க்கமும் கொடுத்ததின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அணிக்கு நியாயமாக வரவேண்டிய வெற்றி விகிதம் கிடைக்கும். இங்கே 2,79,841ஐ 18,47,345 ஆல் வகுத்தால் .151. 154ஆல் பெருக்கினால் 23 வெற்றி. கிடைத்தது 20. துரதிர்ஷ்டம் மூன்று ஆட்டத்துக்கு மேல் இல்லை.

கொடுத்த 8.1 ஓட்டத்தையும் பிட்சர்கள் தலையில் கட்டக் கூடாது. ஃபீல்டர்களின் பிழையால் வந்தவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால், பிட்சர்கள் ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்தது 6.37. மீதி, கையில் வந்த பந்தைத் தவறவிட்டதன் விலை. காலத்தையும் கவனிக்க வேண்டும். பிட்சர் நிற்கும் தூரம் 1893இல்தான் 60 அடி 6 அங்குலமாக நீட்டப்பட்டது. எல்லைக்கோட்டுக்கு வெளியே தட்டிவிடும் பந்தை ஸ்ட்ரைக்காக (மட்டையாளருக்கு எதிரான கணக்காக) எண்ணும் விதி நேஷனல் லீகுக்கு வந்தது 1901இல். அதுவரை கெட்டிக்கார மட்டையாளர் வேண்டாத பந்துகளை வெளியே தட்டிக்கொண்டே இருந்து, பிட்சரின் கையை ஓயவைக்கலாம். தொடங்கிய பிட்சரே முடிக்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். நடுவில் ஆள் மாற்றுவது அபூர்வம். சுமாரான பிட்சருக்கு ஏழாவது இன்னிங்ஸில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிட்சர்கள் பெயரில் எழுதப்படும் வெற்றி தோல்விக் கணக்கு இது: ஜிம் ஹியூயி 4–30. ஒரே சீசனில் 30 ஆட்டம் தோற்ற கடைசி பெரிய லீக் பிட்சர் அவர்தான். சார்லி நெப்பர் 4–22. ஃபிராங்க் பேட்ஸ் 1–18. ‘கிரேஸி’ ஷ்மிட் 2–17. எதிரணி மட்டையாளர்களின் பலவீனங்களைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டு ஆடுவாராம், குறிப்பேடு அவ்வளவாக உதவவில்லை. இதில் பேட்ஸ் வந்த வழி கவனிக்கத்தக்கது. முதல் 38 ஆட்டத்துக்கு மேனேஜராகவும் ஆட்டக்காரராகவும் இருந்த லேவ் கிராஸ் 8–30 என்று ஓரளவு தாக்குப்பிடித்தார், மட்டையும் நன்றாகச் சுழன்றது. உடனே அவரையும் பிட்சர் வில்லி சட்ஹாஃபையும் செயின்ட் லூயிஸுக்கு இழுத்துக்கொண்டார்கள். மாற்றாக வந்தவர்களில் ஒருவர் பேட்ஸ். அடுத்த மேனேஜர் ஜோ குவின் 12–104. கிளீவ்லாந்தில் யாராவது நன்றாக ஆடினால் அதற்குத் தண்டனை உண்டு என்ற ஏற்பாடு.

கேள்வி: தொடர்ந்து எத்தனை தோற்றார்கள்? அதுவும் உலக சாதனையா? (திருச்சி வாசகர்)

ஆகஸ்ட் 26 முதல் செப்டம்பர் 16 வரை 24. நேஷனல் லீகில் அதுவே அதிகம். பெரிய லீக்குகள் எல்லாம் சேர்த்தால் 1889இல் லூயிவில் அணி தோற்ற 26தான் முதலிடம். ஸ்பைடர்ஸின் கடைசி 41 ஆட்டங்கள் இப்படிப் போயின: 24 தோல்வி, ஒரு வெற்றி, 16 தோல்வி.

கேள்வி: 134ஐ இனி யாராவது முறியடிக்க முடியுமா? (புதுச்சேரி வாசகர்)

2024இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 41–121 என்று முடித்தது. 1962இல் நியூயார்க் மெட்ஸ் அணி கண்ட 120 தோல்வியைத் தாண்டியது. ஆனால் இப்போது சீசனுக்கு 162 ஆட்டம். ஸ்பைடர்ஸின் .130 விகிதத்துக்கு இறங்க 21–141 ஆக வேண்டும். அது நடக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. வெளியூரில் 101 தோல்வி என்பதோ கணக்குப்படியே எட்டாதது: இன்றைய அட்டவணையில் வெளியூர் ஆட்டமே 81தான்.

கேள்வி: அந்த ஆண்டு பால்டிமோரிலும் இதே போல ஆள் மாற்றியதாகக் கேள்வி. அவர்கள் ஏன் சரியவில்லை? (சென்னை வாசகர்)

நல்ல கேள்வி. புரூக்ளினும் பால்டிமோரும் அப்போது ஒரே கூட்டு முதலாளிகள் கையில். மேனேஜர் நெட் ஹேன்லன், வில்லி கீலர், ஜோ கெல்லி, ஹியூயி ஜென்னிங்ஸ் ஆகியோர் புரூக்ளினுக்குப் போனார்கள். ஆனால் ஜான் மெக்ராவும் வில்பர்ட் ராபின்சனும் பால்டிமோரில் தங்கிவிட்டார்கள். மெக்ரா ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் இருந்து .391 மட்டைச் சராசரியோடு அணியை 86–62 என்று நான்காம் இடத்தில் நிறுத்தினார். அச்சாணி இரண்டு பேர் மிஞ்சினால் வண்டி ஓடும். கிளீவ்லாந்தில் அதையும் கழற்றிவிட்டார்கள்.

கேள்வி: கடைசி ஆட்டத்தில் சுருட்டுக் கடைப் பையன் பந்து எறிந்தானாமே? (நாகர்கோவில் வாசகர்)

ஆமாம். அக்டோபர் 15, சின்சினாட்டி. ஹோட்டலில் சுருட்டு விற்ற எடி கோல்ப் என்ற உள்ளூர் இளைஞரைக் களத்தில் இறக்கினார்கள். 19–3 என்று தோற்றார்கள். கோல்ப் பெரிய லீகில் ஆடிய ஒரே ஆட்டம் அது. ஹியூயியும் நெப்பரும் அந்த சீசனில் எறிந்திருந்த பந்துகளை நினைத்தால், புதுக் கை ஒன்றைத் தேடியதைக் குறை சொல்ல முடியவில்லை.

கேள்வி: இன்றைய கார்டியன்ஸ் இவர்களின் வாரிசு என்று எழுதியது சரியா? (ஈரோடு வாசகர்)

சரியில்லை, எங்கள் தவறு. 1899 சீசன் முடிந்ததும் நேஷனல் லீக் 12 அணிகளை 8 ஆக்கியது. கிளீவ்லாந்து, பால்டிமோர், லூயிவில், வாஷிங்டன் நான்கும் நீக்கப்பட்டன. ஸ்பைடர்ஸ் அதோடு முடிந்தது. கார்டியன்ஸ், 1901இல் பெரிய லீகாகத் தன்னை அறிவித்துக்கொண்ட அமெரிக்கன் லீகின் அணி. பதிவேட்டில் முற்றிலும் வேறு நிறுவனம். இரண்டுக்கும் பொதுவானவை ஊரும், அந்த லீக் பார்க் மைதானமும்தான்.