மைக்கல்லுல இருக்கிற பேரை நம்பலாமா?

கேள்வி: பழைய சீன மைக்கல் (தூரிகையால எழுத மைக்கட்டியைத் தேச்சு மை எடுக்கிற கல்லு) ஒண்ணு ஏலத்துக்கு வருது, பின்பக்கம் கவிஞர் சு ஷி பேர்ல ஒரு பாட்டு வெட்டியிருக்கு. சோங் அரச வம்சக் காலத்து (960–1279) அசல்னு நம்பி வாங்கலாமா சார்?

பதில்: பேரை மட்டும் பாத்து வாங்கிடாதீங்க, ப்ளீஸ். சு ஷி (1037–1101) மைக்கல் மேல அவ்வளவு ஆசை வெச்சிருந்தவர், கல்லுல வெட்டறதுக்குன்னே நிறைய பாட்டு எழுதினவர், அதனாலயே பின்னாடி வந்த வியாபாரிங்க கிடைச்ச கல்லுல எல்லாம் அவர் பேரை வெட்டி வித்தாங்க. பாட்டு அவரோட தொகுப்புல அப்படியே இருக்கேன்னு சொன்னாலும் அது ஆதாரம் ஆகாது, புக்கைப் பாத்து யார் வேணா வெட்டலாமே. 18ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல சீனாவோட சூச்சோ நகரத்துல மைக்கல் செதுக்கின கூ அர்நியாங்ங்கற அம்மாவுக்கும் இதே கதிதான், அவங்க முத்திரையோட அத்தனை போலி சுத்துது.

கல்லையும் வெட்டையும் பாருங்க. தென்சீனாவுல குவாங்டோங் மாகாணத்துல எடுக்கிற, மைக்கல்லுக்குப் பேர்போன துவான் கல்லுன்னா பெரும்பாலும் ஊதா சாயல், சிலதுல கண் மாதிரி வட்டப் புள்ளி இருக்கும். மைக்கட்டியைத் தண்ணி விட்டுத் தேச்சுத் தேச்சு முகம் நல்லா தேஞ்சிருக்கு, ஆனா எழுத்தோட விளிம்பு மட்டும் புதுசா கூரா நிக்குதுன்னா சந்தேகப்படுங்க. ஒரு பழைய உடைசலுக்குள்ள எழுத்து இறங்கிப் போகுதுன்னா, கல்லு உடைஞ்சதுக்கு அப்புறம் வெட்டினதுதான், அதுல பேச்சே இல்ல.

கேள்வி: அப்போ பின்னாடி வெட்டின எழுத்துக்கு மதிப்பே கிடையாதா?

பதில்: ஐயோ, அப்படி இல்லவே இல்ல! ஒரு கல்லு கைமாறும்போது புது சொந்தக்காரர் பக்கவாட்டுல தன் பேரையும் நாலு வரியையும் சேக்கறது அங்க சகஜம். 18ஆம் நூற்றாண்டுல ஆண்ட சிங் வம்சத்து சியன்லோங் பேரரசரே பழைய கல்லுங்க மேல தன் கவிதையை வெட்ட வெச்சு, அரண்மனை மைக்கல்லுக்கெல்லாம் 1778ல படத்தோட ஒரு கேட்டலாக்கே போட வெச்சார். சோங் காலத்துக் கவிஞர் தாங் கெங் (1071–1121) எழுதின ஒரு மைக்கல் பாட்டு, தூரிகையோட ஆயுசு நாள் கணக்கு, மையோடது மாசக் கணக்கு, மைக்கல்லோடது தலைமுறைக் கணக்குன்னு சொல்லுது, அந்தத் தலைமுறைங்கதான் ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா கல்லுலயே இருக்காங்க. பொய்யா வெட்டின சு ஷியை விட, தன் சொந்தப் பேரைப் போட்ட யாரோ ஒரு சிங் காலத்து வாத்தியாரோட கல்லைத்தான் நான் எடுப்பேன். ஏலக்காரங்ககிட்ட ஆறு பக்கமும் சாய்வா லைட் அடிச்ச போட்டோ கேளுங்க, வாங்கினப்புறம் எழுத்துக்குள்ள இருக்கிற பழைய மையைச் சுரண்டாதீங்க.