இடைக்காலப் போர் மறுநடிப்புகளில் உண்மையான இரும்பு வாளால்தான் மோதுகிறார்களா? காயம் படாமல் இருக்க ஆயுதங்களுக்கு என்னென்ன விதிகள்?

இரும்புதான். சரியாகச் சொன்னால், துவைச்சல் போட்ட (சூடாக்கிக் குளிரவைத்து உறுதியேற்றிய) ஸ்பிரிங் எஃகு. கூர் மட்டும் இருக்காது.

ஆனால் கூர் இல்லையென்றால் ஆபத்தில்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள எஃகுப் பட்டையை முழு வீச்சில் இறக்கினால், அது எவ்வளவு மழுங்கலாக இருந்தாலும் விரல் எலும்பு நொறுங்கும், மண்டை உடையும். கூரை மழுக்குவதால் வெட்டுக்காயம்தான் குறையும். அடியின் விசையை வேறு ஏதாவது ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். அது எது என்பதில்தான் குழுக்கள் மூன்றாகப் பிரிகின்றன.

முதல் வகையில் அடிப்பவரே அடியை அடக்குகிறார். பிரிட்டனில் 1971-இல் தொடங்கிய ‘தி வைக்கிங்ஸ்’, 1986-இல் தொடங்கிய ‘ரெஜியா ஆங்லோரம்’ போன்ற குழுக்கள் இந்த வழியில் போகின்றன. ஆயுதம் எஃகு, கவசம் குறைவு, தலையில் அடிக்கவே கூடாது. இரண்டாவது வகையில் ஆயுதத்தையே மாற்றிவிடுகிறார்கள். 1966-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்த ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம்’ (இனி எஸ்.சி.ஏ.) வாளுக்குப் பதில் பிரம்பு வைத்துக்கொண்டு பலமாகவே அடிக்கிறது. மூன்றாவது ‘பூஹர்ட்’. எஃகு ஆயுதம், முழு பலம், உச்சி முதல் பாதம் வரை எஃகுக் கவசம். 2010-இல் உக்ரைனின் ஹோதின் கோட்டையில் ‘பேட்டில் ஆஃப் த நேஷன்ஸ்’ என்ற பன்னாட்டுப் போட்டியாக இது தொடங்கியது.

ஆயுத அளவு, அடிக்கக்கூடிய இடம், அடியின் பலம், கவசம் நான்கும் ஒவ்வொரு வகையிலும் ஒரே மூட்டையாக வருகின்றன. மூட்டையைப் பிரித்து, ஒன்றில் கொஞ்சம் இன்னொன்றில் கொஞ்சம் எடுக்கும்போதுதான் ஆள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். வைக்கிங் கால மறுநடிப்புக்குள்ளேயே இந்தச் சிக்கல் உண்டு. மேற்கத்திய பாணியில் தலை தடைசெய்யப்பட்ட இடம், அதனால் தலைக்கவசம் இல்லாமலும் சிலர் வரிசையில் நிற்பார்கள். போலந்தின் வோலின் விழாவில் காணும் கிழக்கத்திய பாணியில் தலையில் அடிக்கலாம், தலைக்கவசம் கட்டாயம். இரண்டிலும் பழகியவர்கள் ஒரே களத்தில் சந்தித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயுதப் பரிசோதனைக்கு முன்பே, எந்த விதியில் சண்டை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி எஃகு ஆயுதங்களைப் பற்றியது என்பதால் முதல் வகையை விரிவாகச் சொல்கிறேன்.

வாள்

வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், தடிமன் எங்கும் 2 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்பது பரவலான விதி. புதிதாக வாங்கும்போது 3 மி.மீ. இருப்பதே நல்லது. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அரம் போட்டுத் தேய்ப்பதால் சில ஆண்டுகளில் அது தானாக 2-க்கு இறங்கிவிடும். முனை உருண்டையாக இருக்க வேண்டும். பிரிட்டனில் இதை நாணயம் வைத்துப் பார்ப்பது வழக்கம். 5 பென்ஸ் நாணயத்தின் வளைவு (விட்டம் 18 மி.மீ.) போதும் என்பார்கள் சிலர்; 10 பென்ஸ் (24.5 மி.மீ.) கேட்பவர்களும் உண்டு. வாயிலிருந்து முனைக்குத் திரும்பும் இடத்தில் மூலை இருந்தால் அதையும் உருட்டிவிட வேண்டும்.

எஃகின் ரகம் பிரிட்டனில் பெரும்பாலும் இ.என்.45, ஐரோப்பாவில் 51 சி.ஆர்.வி.4. இ.என்.45 என்பது லாரிப் பட்டைகளுக்குப் பயன்படும் ஸ்பிரிங் எஃகு ரகம்தான். துவைச்சல், கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் ஏறத்தாழ 48 முதல் 52 வரை இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் வாய் சில்லு சில்லாகத் தெறிக்கும், குளிரில் அலகே முறியலாம். கீழே இறங்கினால் ஒவ்வொரு மோதலிலும் ஆழமாக வெட்டு விழும், அலகு வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். சுவரில் மாட்டும் ஸ்டெயின்லெஸ் வாள்களுக்குக் களத்தில் இடமே கிடையாது. அவை நெகிழாமல் ஒடியும். பல மலிவு வாள்களில் பிடிக்குள் போவது அலகின் தொடர்ச்சி இல்லை, பற்றவைத்த ஒரு மெல்லிய கம்பி. வீசும்போது அது விட்டுப்போனால் ஒரு கிலோ எஃகு கூட்டத்தை நோக்கிப் பறக்கும்.

நல்ல வாளே முறிந்தாலும் பெரும்பாலும் கைக்காப்புக்கு அடியில்தான் முறியும். அலகு அங்கே குறுகிப் பிடிக்குள் நுழைகிறது. அந்த உள்மூலையைச் செங்கோணமாக வெட்டியிருந்தால் விசை முழுவதும் அந்தப் புள்ளியில் குவிந்து, மயிரிழை விரிசல் விழும். மூலையை வளைவாக விட்டிருக்கிறாரா என்று செய்தவரிடம் வாங்கும்முன் கேட்க வேண்டும். வாங்கிய பிறகு பிடியைக் கழற்றாமல் பார்க்க முடியாது.

எடையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உலவுகிறது, கனமான வாள்தான் உறுதியானது என்று. ஒரு கை வாள் 1.1 முதல் 1.4 கிலோவுக்குள் இருந்தால் போதும். அதைத் தாண்டினால், அதிலும் எடை முனைப்பக்கம் சாய்ந்திருந்தால், அடியைப் பாதியில் நிறுத்தக் கை ஒத்துழைக்காது. அடியை அடக்குவதே அடிப்படையாக உள்ள முறையில் அடக்க முடியாத வாள், சற்றுக் கூராக உள்ள வாளைவிட மோசம்.

பிசிறு

இரண்டு எஃகு வாய்கள் மோதினால் பள்ளம் விழும். பள்ளத்தின் இரு பக்கமும் உலோகம் பிதுங்கி நிற்கும். அந்தப் பிசிறு சவரக் கத்தி மாதிரி. களத்தில் பார்க்கும் சிறு வெட்டுக்காயங்களில் பெரும்பகுதிக்கு இதுதான் காரணம். பழைய நைலான் சாக்ஸை வாயின் மேல் இரு திசையிலும் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் பிசிறு இருக்கிறது. தட்டை அரத்தால் வாயின் நீளவாக்கில் தேய்த்து, பிறகு 120-லிருந்து 240 வரை உப்புத்தாள் போட்டு முடிக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கோடு விழும், அந்தக் கோட்டிலிருந்து விரிசல் ஆரம்பிக்கும். பள்ளம் ஆழமாக இருந்தால் அதன் அடியை மட்டும் சுரண்டாதீர்கள். இரு பக்கமும் சரிவாக இறக்கி ஆழமற்ற குழிவாக மாற்றிவிடுங்கள். அப்படிச் செய்ததும் அந்த இடத்தில் தடிமன் 2 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால் வாளின் ஆயுள் முடிந்தது.

சண்டைக்கு முன் செய்யும் மற்ற சோதனைகள் சுருக்கம். பிடியைக் காதருகே வைத்து ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரக்கூடாது. அலகை விரலால் சுண்டினால் தெளிவாக ஒலிக்க வேண்டும். கரகரவென்று இழுத்தால் பிடி தளர்ந்திருக்கலாம், விரிசலும் இருக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முனையை மரக்கட்டையில் ஊன்றி மெல்ல வளைத்து விட்டால் நேராகத் திரும்ப வேண்டும்.

ஈட்டி

பார்வையாளர்கள் வாளைப் பார்த்துப் பயப்படுவார்கள். என் கணிப்பில் களத்தில் மிக ஆபத்தானது ஈட்டிதான். இரண்டு மீட்டருக்கு மேல் நீளம், பின்னால் முழு உடல் எடை, முன்னால் ஒரே ஒரு புள்ளி. முனையை நாணய அளவுக்கு உருட்டியிருந்தாலும் கண்ணில் பட்டால் என்ன பயன்?

குத்து நேராக முகத்துக்குப் போவது அரிது. வயிற்றைக் குறிவைத்து வந்த ஈட்டியை எதிராளி கேடயத்தால் மேல்நோக்கித் தட்டுவார், அது வழுக்கிக்கொண்டு அவருடைய முகத்துக்கோ பக்கத்தில் நிற்பவரின் முகத்துக்கோ ஏறும். அதனால் விதி இருவருக்கும் சேர்த்துத்தான். குத்துபவர் நெஞ்சுக்குக் கீழே குறிவைக்க வேண்டும், கையை முழுவதும் நீட்டாமல் பட்டவுடன் இழுத்துக்கொள்ள வேண்டும், ஓடிக்கொண்டே குத்தக் கூடாது. தடுப்பவர் பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோதான் தட்ட வேண்டும். புதியவர்களுக்குப் பயிற்சியில் மிகத் தாமதமாகப் பிடிபடுவது இந்த இரண்டாவது பாதி.

காம்புக்கு ஆஷ் மரம், 28 முதல் 32 மி.மீ. விட்டம். ரேகை காம்பின் நீளத்துக்கு ஓட வேண்டும். பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால் கோடரி அடி பட்டதும் காம்பு நீளமான கூர்க்குச்சியாகப் பிளக்கும். தலையைக் காம்போடு சேர்க்கும் ரிவிட்டின் இரு முனையும் குழாயோடு சமமாக இருக்கட்டும். துருத்தினால் கையைக் கிழிக்கும். ஆளிவிதை எண்ணெய் பூசிவந்தால் சிராய் குறையும்.

கோடரியும் கேடயமும்

கோடரியின் வாய் வாளைவிடத் தடிமனாக, 3 மி.மீ.யாவது இருக்கட்டும். எடை எல்லாம் ஒரே இடத்தில் குவிவதே காரணம். வாயின் மேல், கீழ்க் கொம்புகள் இரண்டும் உருண்டிருக்க வேண்டும். கீழ்க்கொம்பால் கேடயத்தைக் கொக்கி போட்டு இழுக்கப் பல குழுக்கள் அனுமதிக்கும். கழுத்தையோ காலையோ இழுக்க அனுமதி இல்லை. வெயில் காலத்தில் மரம் சுருங்கித் தலை ஆடும். உடனே கோடரியைத் தண்ணீரில் ஊறவைப்பவர்கள் உண்டு. அன்றைக்கு இறுகும். ஊறிய மரம் இரும்புக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்பைவிட அதிகம் தளரும். ஆப்பை மாற்றுவதுதான் சரியான வழி.

கேடயத்துக்கு 8 முதல் 10 மி.மீ. பிளைவுட், விளிம்பில் தைத்த பதனிடாத பச்சைத்தோல். தோல் இல்லாத வெற்று விளிம்பு அடிபட்டுச் சிராய் சிராயாகக் கண்ணுக்குத் தெறிக்கும். இரும்புப் பட்டை அடித்த விளிம்பு வெட்டுப்பட்டு அதுவே பிசிறாகிவிடும். பின்பக்கம் ஆணி முனைகள் மடக்கப்பட்டிருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள்.

எங்கே அடிக்கலாம், எவ்வளவு பலமாக

மேற்கத்திய பாணியில் தோள் முதல் முழங்கை வரை, உடற்பகுதி, முழங்காலுக்கு மேல் தொடை. தலை, கழுத்து, முழங்கைக்குக் கீழே கை, மூட்டுகள், கவட்டை எல்லாம் தடை. அடி தோலைத் தொடும் இடத்தில் நிற்க வேண்டும். வீச்சின் வேகத்தை முன்பகுதியில் காட்டி, கடைசி ஒரு சாணில் பிடியை இறுக்கி முழங்கையை நிறுத்தினால் அடி அடங்கும். பார்ப்பவருக்கு வேகம் தெரியும், வாங்குபவருக்கு ஒரு தட்டுத்தான். இதைப் பழகிக் காட்டித் தேறாமல் யாரையும் பொதுக்காட்சிக்கு இறக்க மாட்டார்கள். வாளில் தேறியவர் ஈட்டிக்குத் தனியாகத் தேற வேண்டும் என்று வைத்திருக்கும் குழுக்கள் புத்திசாலிகள்.

இத்தனைக்குப் பிறகும் விரல்கள் அடிபடும். கை தடைசெய்யப்பட்ட இடம்தான், ஆனால் தடுக்கும் கை எப்போதும் வாளின் பாதையில்தான் இருக்கிறது. தடித்த பஞ்சு வைத்த தோல் கையுறை கட்டாயம். விரல் முதுகில் உள்ளே எஃகுத் தகடு மறைத்துத் தைத்தது இன்னும் நல்லது.

பிரம்பும் பூஹர்ட்டும்

எஸ்.சி.ஏ. பிரம்பைத் தேர்ந்ததற்குக் காரணம் எளிது. மூங்கில் உள்ளே பொள்ளல், உடைந்தால் கத்தியாகப் பிளக்கும். பிரம்பு உள்ளே கெட்டி, அடிபட அடிபட நார் நாராகத் துடைப்பம் போல விரியுமே தவிர பிளக்காது. விட்டம் குறைந்தது ஒன்றேகால் அங்குலம், அதாவது சுமார் 32 மி.மீ. மேலே டேப் சுற்றி, வெட்டும் பக்கத்தை வேறு நிற டேப்பால் காட்ட வேண்டும். டேப்புக்குள் பிரம்பு கூழாகிப்போனது வெளியே தெரியாது என்பதால் மார்ஷல் (பாதுகாப்பைக் கவனிக்கும் நடுவர்) அதை அழுத்தி வளைத்துப் பார்ப்பார். பலமாக அடிப்பதால் கவச விதி கடுமை: தலைக்கவசம் 16 கேஜ் எஃகு (சுமார் 1.6 மி.மீ.), முகக் கம்பிகள் 3/16 அங்குலம், இடைவெளி ஓர் அங்குலத்துக்குள், உள்ளே அரை அங்குல மெத்தை. குரல்வளை, கழுத்தெலும்பு, சிறுநீரகம், முழங்கை, முழங்கால் எல்லாம் மூடியிருக்க வேண்டும். ‘ஹோல்ட்’ என்று யார் கத்தினாலும் எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும். அடி சரியாக விழுந்ததா என்று வாங்கியவரே நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்பதும் இங்கே விதி.

பூஹர்ட் நடிப்பு என்பதைத் தாண்டி விளையாட்டாகிவிட்டது. ஆயுத வாய் 2 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். குத்து அறவே தடை. முழங்காலின் பின்பக்கம், பாதம், கவட்டை, பிடரி தடை. கீழே விழுந்தவர் ஆட்டத்திலிருந்து வெளியே.

வாங்குவதற்கு முன்

விற்பனைத் தளங்களில் ‘போருக்குத் தயார்’ என்று போட்டிருப்பதற்கு இந்த அளவுகளோடு எந்தத் தொடர்பும் இல்லை. அவற்றில் பல ஒரு மி.மீ. வாயோடு வரும். வாங்கிவிட்டு கிரைண்டரில் மழுக்கிக்கொள்ளலாம் என்றால், சூட்டில் எஃகு நீலம் பாய்ந்த இடத்தில் துவைச்சல் போய்விடலாம். அரம்தான் போட வேண்டும், அதற்கு ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும். சேரப்போகும் குழுவின் விதித்தாளை முதலில் வாங்குங்கள், அடுத்து கையுறை, பிறகு தலைக்கவசம். வாளைக் கடைசியாக வாங்கலாம், அதுவரை குழுவிடம் இரவல் கிடைக்கும்.

பிரிட்டனில் இருந்தால் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் அலகுள்ள ஆயுதம் வைத்திருப்பது 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139-ஆம் பிரிவின் கீழ் குற்றம். 50 செ.மீ.க்கு மேல் நீளமான வளைந்த வாள்களை விற்பதும் இறக்குமதி செய்வதும் 2008 முதல் தடை. காப்பீடு உள்ள வரலாற்று மறுநடிப்புக்கு விலக்கு உண்டு. நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் ஆயுதங்களைச் சுற்றிக் கட்டி, காரின் டிக்கியில் பூட்டி வையுங்கள். உறுப்பினர் அட்டையும் நிகழ்ச்சி அழைப்பும் கையில் இருக்கட்டும்.